நான்காவது ஆளிடம் கற்ற டென்னிஸ்

மகளுக்கு 14 வயது. அவளை டென்னிஸுக்குச் சேர்க்கலாமா என்று நீங்கள் யோசிக்கும் கோச், தன் காலத்தில் பெரும்பாலும் இரட்டையர் ஆடியவர். ஒற்றையரில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அதைக் கேட்டால், "மெர்வின் ரோஸ் தெரியுமா உங்களுக்கு?" என்று சிரிக்கிறாராம். யார் அந்த ரோஸ், இரட்டையர் ஆடியவரை நம்பி மகளை ஒப்படைக்கலாமா? இதுதான் நீங்கள் கேட்டது. ரோஸ் கதையைச் சொன்னாலே இரண்டாவது கேள்விக்கும் பாதி பதில் வந்துவிடும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ரோஸ் ஒற்றையரில் ஒன்றுமில்லாதவர் அல்ல. 1954-ல் ஆஸ்திரேலியப் பட்டம், 1958-ல் பிரெஞ்சுப் பட்டம் என்று இரண்டு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் கோப்பைகள் அவரிடம் உண்டு. (கிராண்ட்ஸ்லாம் என்றால் ஆஸ்திரேலியா, பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்கா என்ற நான்கு பெரிய போட்டிகள்.) உங்கள் கோச் அந்த விஷயத்தைக் கொஞ்சம் மறைத்துத்தான் சிரித்திருக்கிறார். ஆனாலும் ரோஸை இரட்டையர் ஆட்டக்காரர் என்று நினைவு வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் இரட்டையர் நான்கு, கலப்பு இரட்டையர் ஒன்று. எந்தக் காலத்தில் எப்படி ஜெயித்தார் என்பதைப் பார்த்தால்தான் அந்த எண்ணிக்கைக்கு அர்த்தம் தெரியும்.

1930 ஜனவரி 23 அன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையில் உள்ள காஃப்ஸ் ஹார்பர் என்ற ஊரில் பிறந்தவர். இடது கைக்காரர். சர்வீஸ் போட்டதும் வலைக்கு ஓடிவந்து வாலி அடிக்கும், அதாவது பந்து தரையில் விழுமுன்பே அடிக்கும் பாணி. இதுவரை எல்லாம் அந்தக் கால ஆஸ்திரேலியப் பையன்களுக்குப் பொருந்தும் விவரங்கள்தான். அவருடைய சிக்கல் வேறு. அவர் பிறந்த காலம் அப்படி. ரோஸ் தலையெடுத்தபோது நாட்டில் முதல் இரண்டு இடத்தில் ஃபிராங்க் செட்ஜ்மனும் கென் மெக்ரெகரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பணத்துக்கு ஆடும் தொழில்முறைப் பக்கம் போனதும் இடம் காலியாகுமென்று பார்த்தால், லூ ஹோட், கென் ரோஸ்வால் என்று 18 வயசுப் பையன்கள் இருவர் வந்து நின்றார்கள். (பெயர் குழப்பும். ரோஸ் வேறு, ரோஸ்வால் வேறு.) முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். நடுவில் ரோஸ். எந்த அணியிலும் மூன்றாவது ஆள், இல்லாவிட்டால் நான்காவது ஆள்.

உலகத்தில் வேறு எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் முதல் ஆளாக இருந்திருப்பார். அந்தக் காலத்து ஆஸ்திரேலியாவில் நான்காவது ஆள் என்பது சின்ன இடமில்லை. ஆனால் நாடுகள் அணியாக மோதும், நாலு ஒற்றையரும் ஒரு இரட்டையருமாக ஐந்து ஆட்டம் கொண்ட டேவிஸ் கோப்பையில் நான்காவது ஆளுக்கு ஒரு வேலைதான் உண்டு: பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது. பார்த்துக்கொண்டே இருப்பவனுக்கு ஆடிக்கொண்டே இருப்பவனுக்குத் தெரியாத சில விஷயங்கள் தெரிந்துவிடுகின்றன என்பது என் எண்ணம். பின்னால் அவர் கோச் ஆனதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று நான் நம்புகிறேன்.

முதல் வாய்ப்பே அவருக்கு அடியாக விழுந்தது. 1951 டிசம்பர், சிட்னி ஒயிட் சிட்டி மைதானம், அமெரிக்காவோடு டேவிஸ் கோப்பை இறுதி. மெக்ரெகருக்குப் பதில் ரோஸை ஒற்றையருக்கு இறக்கினார்கள். விக் செய்க்ஸஸிடமும் டெட் ஷ்ரோடரிடமும் ரோஸ் இரண்டு ஆட்டமும் தோற்றார். செட்ஜ்மன் தன் இரண்டு ஒற்றையரையும், மெக்ரெகரோடு சேர்ந்து இரட்டையரையும் ஜெயித்துக் கொடுத்ததால் ஆஸ்திரேலியா 3-2 என்று தப்பியது. கோப்பை கையில் இருந்தாலும் தோற்ற இரண்டும் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். அப்போது அவருக்கு 22-கூட ஆகவில்லை.

இங்கே விக் செய்க்ஸஸ் என்ற பெயரைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். ரோஸ் வாழ்க்கையில் இந்த அமெரிக்கர் தெருமுனைக் கடைக்காரர் மாதிரி எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிர்ப்படுவார்.

எட்டே மாதத்தில் அதே செய்க்ஸஸுடன் ஜோடி சேர்ந்து ரோஸ் ஒரு காரியம் செய்தார். அந்த ஆட்டத்தின் கனம் இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. 1951-ல் செட்ஜ்மன், மெக்ரெகர் ஜோடி நான்கு கிராண்ட்ஸ்லாம் இரட்டையர் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றது. ஆண்கள் இரட்டையரில் அதைச் செய்த ஒரே ஜோடி அவர்கள்தான். 1952-லும் ஆஸ்திரேலியா, பாரிஸ், விம்பிள்டன் என்று வரிசையாக மூன்று. ஆக ஏழு தொடர் பட்டங்கள். எட்டாவதுக்கு பாஸ்டன் பக்கத்தில் லாங்வுட் கிரிக்கெட் கிளப்புக்கு வந்தார்கள். அமெரிக்க இரட்டையர் சாம்பியன்ஷிப் அப்போது ஒற்றையரோடு நடக்காது, தனியாக அங்கேதான் நடக்கும். இறுதியில் ரோஸ், செய்க்ஸஸ் ஜோடி 3-6, 10-8, 10-8, 6-8, 8-6 என்று அவர்களை நிறுத்தியது. அந்த ஸ்கோரைக் கொஞ்சம் நின்று படியுங்கள். இழுபறியான செட்டைச் சுருக்கமாக முடிக்கும் டை-பிரேக் கிடையாது, அது 1970-ல்தான் வந்தது. வேறு நாட்டுக்காரருடன் சேர்ந்து, தன் நாட்டின் முதல் இரண்டு பேரை 22 வயது நான்காவது ஆள் சாய்த்துவிட்டார்.

இதில் இடது கையின் பங்கு என்ன என்று கேட்பீர்கள். கோர்ட்டில் நின்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரியும். இடது கைக்காரர் இடது பக்கத்திலிருந்து, அதாவது ஆட் கோர்ட்டிலிருந்து, சுழல் சர்வீஸ் போட்டால் பந்து வலது கைக்காரரின் பேக்ஹேண்டுக்கு வெளியே வெளியே விலகி ஓடும். அவர் கோர்ட்டை விட்டு வெளியே இழுக்கப்படுவார். திருப்பி அடிக்கும் பந்து மிதந்து வரும். வலை ஓரம் நிற்கும் பார்ட்னர் ஒரு எட்டு எடுத்து வைத்து அறைந்துவிடுவார். முக்கியமான புள்ளிகளான 30-40, அட்வான்டேஜ் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் ஆடப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு சின்ன விஷயம் வெயில். மாலை நாலு மணிக்கு ஒரு பக்கக் கோர்ட்டில் வலது கைக்காரர் சர்வீஸுக்குப் பந்தை மேலே எறிந்தால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். இடது கைக்காரர் எறிந்தால் அடிக்காது. ஜோடியில் ஒருவர் இடது, ஒருவர் வலது என்றால் எந்தப் பக்கம் யார் போடுவது என்று பிரித்துக்கொள்ளலாம். நான் ஞாயிற்றுக்கிழமை ஆடும் ஜோடியில் என் பார்ட்னர் இடது கைக்காரர். அந்த வெயில் கணக்கு ஒன்றுக்காகவே அவருக்கு நான் டீ வாங்கிக் கொடுக்கிறேன்.

சரி, கதைக்கு வருவோம்.

1953-ல் ரோஸுக்கு ரெக்ஸ் ஹார்ட்விக் பார்ட்னராகக் கிடைத்தார். விம்பிள்டன் இறுதியில் ஹோட், ரோஸ்வால் ஜோடியிடம் நான்கு செட்டில் தோற்றார்கள். அதே விம்பிள்டன் ஒற்றையரில் ரோஸ் அரையிறுதிவரை போய் ஐந்து செட் ஆடித் தோற்றது யாரிடம் என்று நினைக்கிறீர்கள்? செய்க்ஸஸிடம். அவர் அந்த ஆண்டு பட்டமும் வென்றார். கோடை முடிவில் அமெரிக்கா போய் கார்ட்னர் மலாய், பில் டால்பர்ட் என்ற அனுபவசாலி ஜோடியை 6-4, 4-6, 6-2, 6-4 என்று வென்று ரோஸும் ஹார்ட்விக்கும் அமெரிக்க இரட்டையர் பட்டத்தை எடுத்தார்கள். ஆக, ஆஸ்திரேலியாவிடம் அந்த ஆண்டு இரண்டு சாம்பியன் ஜோடிகள். ஆஸ்திரேலியா, பாரிஸ், விம்பிள்டன் மூன்றும் வென்ற ஹோட், ரோஸ்வால் ஒன்று. அமெரிக்காவில் வென்ற ரோஸ், ஹார்ட்விக் இன்னொன்று.

டிசம்பர் கடைசியில் மெல்போர்னின் கூயாங் மைதானத்தில் அமெரிக்காவோடு டேவிஸ் கோப்பை இறுதி. முதல் நாள் 1-1. இரண்டாம் நாள் இரட்டையர். கேப்டன் ஹாரி ஹாப்மன். எந்த ஜோடியை இறக்குவது? யாரும் எதிர்பாராத முடிவு வந்தது: இந்த ஜோடியிலிருந்து ஒருவர், அந்த ஜோடியிலிருந்து ஒருவர். ஹோட், ஹார்ட்விக்! சேர்ந்து பழகாத ஜோடி. எதிரே செய்க்ஸஸும் டோனி டிராபர்ட்டும். 6-2, 6-4, 6-4. மூன்றே செட்டில் ஆஸ்திரேலிய ஜோடி தோற்றுவிட்டது. இரண்டு நல்ல சட்டைகளை வெட்டி ஒரு சட்டை தைத்த கதை.

ஆனாலும் கோப்பை போகவில்லை. 19 வயது ஹோட், டிராபர்ட்டை 13-11, 6-3, 2-6, 3-6, 7-5 என்று ஈரப் புல்தரையில் வழுக்கி விழுந்து எழுந்து வென்றார். ரோஸ்வால் செய்க்ஸஸை வென்று 3-2 ஆக்கினார். ஹோடின் அந்த ஆட்டத்தை ஆஸ்திரேலியர்கள் இன்றும் பேசுவார்கள். அதனால் இரட்டையர் தேர்வு எவ்வளவு விபரீதமாக முடிந்திருக்கும் என்பதை மறந்துவிட்டார்கள். ரோஸ் மறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த சில வாரத்தில் நடந்ததைப் பாருங்கள். 1954 ஜனவரி, சிட்னியில் ஆஸ்திரேலியச் சாம்பியன்ஷிப். ஒற்றையர் இறுதியில் வலைக்கு இந்தப் பக்கம் ரோஸ், அந்தப் பக்கம் அவருடைய பார்ட்னர் ஹார்ட்விக். ஹோடும் இல்லை, ரோஸ்வாலும் இல்லை. ரோஸ் 6-2, 0-6, 6-4, 6-2 என்று வென்றார். பார்ட்னரோடு ஆடும்போது அவன் மனசு நமக்குத் தெரியும், நம் மனசு அவனுக்குத் தெரியும். ஒரு செட் 6-2, அடுத்த செட் 0-6 என்று வருவது அந்த மாதிரி ஆட்டத்தில்தான். இரட்டையரையும் இருவரும் சேர்ந்து நேர் செட்டில் வென்றார்கள்.

ஜூலையில் விம்பிள்டன். இரட்டையர் இறுதியில் ரோஸ், ஹார்ட்விக். எதிரே யார்? கூயாங்கில் ஜெயித்த அதே செய்க்ஸஸ், டிராபர்ட். இந்த முறை 6-4, 6-4, 3-6, 6-4. பழைய கணக்கு தீர்ந்தது. (நம் வாசகர்களுக்கு அந்த விம்பிள்டனை நினைவு வைக்க வேறொரு காரணமும் உண்டு. சிறுவர் ஒற்றையர் பட்டத்தை அந்த ஆண்டு வென்றவர் ராமநாதன் கிருஷ்ணன். இறுதியில் அவர் தோற்கடித்தது ஆஷ்லி கூப்பரை. அந்தக் கூப்பர்தான் நாலு வருஷம் கழித்து விம்பிள்டன் சாம்பியன்.)

இனி யாரும் ரோஸ், ஹார்ட்விக் ஜோடியை ஒதுக்க முடியாது என்று நினைப்போம் இல்லையா? 1954 டிசம்பரில் ஒயிட் சிட்டி. 25,000 பேருக்கு மேல் உட்கார்ந்து பார்த்த டேவிஸ் கோப்பை இறுதி. அமெரிக்கா முதல் நாள் 2-0. இரட்டையரில் தோற்றால் கோப்பை போய்விடும். எதிரே செய்க்ஸஸ், டிராபர்ட். அதாவது ஐந்து மாதத்துக்கு முன் விம்பிள்டனில் ரோஸும் ஹார்ட்விக்கும் வென்ற அதே ஜோடி. இறக்கியது ஹோடையும் ரோஸ்வாலையும். நான்கு செட்டில் தோல்வி, கோப்பை போயிற்று. மறுநாள், கோப்பையின் முடிவை இனி மாற்றாத ஆட்டத்தில் ஹார்ட்விக்கை ஹோடுக்குப் பதில் ஒற்றையரில் இறக்கினார்கள். அவர் செய்க்ஸஸை வென்றுவிட்டு வந்தார்! சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இடம் இது. ஹாப்மனைக் குறை சொல்வது எளிது. 1939-ல் தொடங்கி அவர் கேப்டனாக இருந்து ஆஸ்திரேலியா வென்ற டேவிஸ் கோப்பைகள் 16. அப்படிப்பட்டவரின் தேர்விலும் ஓட்டை இருக்கலாம் என்பதற்கு இந்த இரண்டு டிசம்பர்களைத் தவிர வேறு சாட்சி வேண்டாம்.

ரோஸுக்கு வாய்ப்பு வர இன்னும் மூன்று வருஷம் ஆனது. அதற்குள் ஹோடும் ரோஸ்வாலும் தொழில்முறைக்குப் போய்விட்டார்கள். 1957 டிசம்பர், மறுபடியும் கூயாங்கில் டேவிஸ் கோப்பை இறுதி. முதல் நாள் மால் ஆண்டர்சனும் கூப்பரும் வென்று 2-0. இரண்டாம் நாள் இரட்டையருக்கு ஆண்டர்சனும் ரோஸும். எதிரே பாரி மெக்கேயும், வேறு யார், 34 வயது விக் செய்க்ஸஸும். 6-4, 6-4, 8-6. அந்த ஆட்டத்தோடு கோப்பை ஆஸ்திரேலியாவில் தங்கியது. நான்கு வருஷத்துக்கு முன் எந்தப் புல்தரையில் உட்கார்ந்து பார்த்தாரோ அதே புல்தரையில், இரட்டையரில், அதே ஆளுக்கு எதிராக. அந்த வருஷம் விம்பிள்டனில் டார்லீன் ஹார்டுடன் கலப்பு இரட்டையரையும் வென்றிருந்தார்.

1958-ல் இத்தாலியப் பட்டம், அப்புறம் பாரிஸ். இறுதியில் சிலியின் லூயிஸ் அயாலாவை 6-3, 6-4, 6-4. சர்வீஸ் போட்டு வலைக்கு ஓடும் புல்தரை ஆட்டக்காரர் ஐரோப்பாவின் இரண்டு பெரிய களிமண் போட்டிகளை ஒரே பருவத்தில் வென்றார் என்றால், அவர் சக்தியால் வெல்லவில்லை. களிமண்ணில் பந்து மெதுவாக வரும், எழும்பி வரும். எப்போது வலைக்குப் போவது, எப்போது போகாமல் இருப்பது என்று தெரிந்தவனால்தான் முடியும். 28 வயதில் அவருக்கு அந்தக் கணக்கு வந்திருந்தது.

அதற்குப் பின் ஜாக் கிரேமரின் தொழில்முறைக் குழுவில் சேர்ந்தார். இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டுகிறேன். அன்றைக்குத் தொழில்முறையாளர் ஆனால் விம்பிள்டன் முதல் டேவிஸ் கோப்பை வரை எல்லாக் கதவும் மூடிவிடும். 1968-ல் ஓப்பன் டென்னிஸ், அதாவது அமெச்சூரும் தொழில்முறையாளரும் சேர்ந்து ஆடும் முறை, வந்த பிறகுதான் திறந்தது. ஊர் ஊராகப் போய், உள்ளரங்கில் விரிப்பு போட்டு, ஒரே ஆளோடு இரவுக்கு இரவு ஆடும் வாழ்க்கை அது. ரோஸ் அங்கேயும் முதல் ஆள் இல்லை.

இப்போது நீங்கள் கேட்ட விஷயம்.

1964. கலிஃபோர்னியாவில் பில்லி ஜீன் மோஃபிட் என்று ஒரு பெண், கல்லூரி மாணவி. பின்னால் பில்லி ஜீன் கிங் ஆனவர். அவருடைய அப்போதைய நிலைமையைக் கவனியுங்கள். 17 வயதில், 1961-லேயே, கேரன் ஹான்ட்ஸுடன் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றுவிட்டார். 1962-ல் முதலிடத்தில் இருந்த மார்கரெட் ஸ்மித்தை விம்பிள்டனின் தொடக்கத்திலேயே வீழ்த்தினார். 1963-ல் இறுதியில் அதே ஸ்மித்திடம் தோற்றார். ஆனால் ஒற்றையரில் பெரிய பட்டம் ஒன்றுகூட இல்லை. படிப்பு பாதி, டென்னிஸ் பாதி. பெரிய ஆட்டம், நிறைய ஓட்டை. இப்படியே விட்டிருந்தால் "நல்ல இரட்டையர் ஆட்டக்காரி" என்ற பெயரோடு நின்றிருக்கலாம்.

மெல்போர்ன் வியாபாரி ஒருவர் செலவை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்: ஆஸ்திரேலியா வா, ரோஸிடம் சில மாதம் பயிற்சி எடு. பில்லி ஜீன் கல்லூரியை விட்டுவிட்டு, நிச்சயம் செய்துகொண்ட லாரி கிங்கை அமெரிக்காவில் விட்டுவிட்டு, 1964 கடைசியில் விமானம் ஏறினார். 21-ஐ ஒட்டிய வயது. அந்தக் காலத்தில் பெண்கள் டென்னிஸில் பணமே கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த முடிவைப் பாருங்கள்.

ரோஸ் மூன்று விஷயத்தில் கை வைத்தார். முதலாவது ஃபோர்ஹேண்ட். பில்லி ஜீனின் வீச்சு பெரியது, ராக்கெட் ரொம்பப் பின்னால் போய்த் திரும்பி வரும். புல்தரையில் பந்து தாழ்வாக, வழுக்கிக்கொண்டு வரும். பெரிய வீச்சு வீசுபவர் எப்போதும் அரை நொடி தாமதம். வீச்சைக் குறுக்கச் சொன்னார். இரண்டாவது சர்வீஸ், அதையும் பிரித்து மறுபடி கட்டினார். மூன்றாவதுதான் முக்கியம். எந்தப் பந்தை எங்கே அடிப்பது, ஏன் அங்கே அடிப்பது என்று யோசிக்க வைத்தார். கூடவே ஆஸ்திரேலிய முறை ஓட்டம், உடற்பயிற்சி, மணிக்கணக்கில் டிரில்.

ஆஸ்திரேலியர்களின் டிரில் எப்படியிருக்கும் என்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டுக்கு ஒன்று என்பார்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் நீங்கள் ஒருவர். அவர்கள் நின்ற இடத்தில் நின்றபடி இடமும் வலமுமாகப் பந்தைத் தள்ளுவார்கள். நீங்கள் ஓடி ஓடித் திருப்ப வேண்டும். பந்து வெளியே போனால் உடனே அடுத்த பந்து வரும். மூச்சு வாங்க இடமில்லை. ஒரு முறை என்னை ஒரு கோச் இதில் நிறுத்தினார். நாலாவது நிமிடத்தில் முழங்காலில் கை வைத்துக் குனிந்துவிட்டேன். அவர் பந்தை நிறுத்தாமல், "கடைசிப் பந்தை ஏன் சார் ஓரத்துக்கு அடிச்சீங்க?" என்று கேட்டார். நான் "சும்மா" என்றேன். "அந்த சும்மாவை எடுத்துட்டா போதும்" என்றார்.

பில்லி ஜீனுக்கு என்ன ஆயிற்று? முதலில் ஆட்டம் மோசமானது. புது சர்வீஸ் கட்டுக்குள் வரவில்லை, புது ஃபோர்ஹேண்ட் பழகவில்லை, தோற்கக்கூடாத ஆட்டங்களில் திணறினார். பெற்றோர் இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கைப்பழக்கத்தைப் பிரித்துப்போடும் கோச்சிடம் போனால் முதல் சில மாதம் குழந்தை தோற்கும். பழைய வீடு இடிந்தாகிவிட்டது, புது வீட்டுக்கு இன்னும் கூரை வரவில்லை என்கிற காலம் அது. அந்த நேரத்தில் பயந்து கோச்சை மாற்றுகிறவர்கள்தான் அதிகம். பில்லி ஜீன் மாற்றவில்லை.

1965 செப்டம்பரில் அமெரிக்கச் சாம்பியன்ஷிப் இறுதி. எதிரே மார்கரெட் ஸ்மித். 8-6, 7-5 என்று தோல்வி. ஆனால் இரண்டு செட்டிலும் 5-3 என்று முன்னால் இருந்து தோற்றார். உலகின் முதல் ஆளிடம் இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பினார். இந்த அளவு கிட்ட வந்துவிட்டோம் என்று தெரிந்த ஆட்டம் அதுதான். 1966 விம்பிள்டன் அரையிறுதியில் அதே ஸ்மித்தை நேர் செட்டில் வென்றார். இறுதியில் பிரேசிலின் மரியா புயேனோவை 6-3, 3-6, 6-1. முதல் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம். 1967-ல் விம்பிள்டனில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் மூன்றையும் அள்ளினார். கடைசியில் கணக்குப் பார்த்தால் ஒற்றையர் 12, இரட்டையர் 16, கலப்பு இரட்டையர் 11, மொத்தம் 39. இதெல்லாம் ரோஸால்தான் என்று சொன்னால் அது பில்லி ஜீனுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் அந்தச் சில மாதம் இல்லாமல் 1966 வந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன்.

ஏன் இதை ஒரு இரட்டையர் ஆட்டக்காரர் கற்றுக்கொடுக்க முடிந்தது? என் பார்வை இது. ஒற்றையர் கோர்ட்டின் அகலம் 27 அடி. இரட்டையர் கோர்ட் 36 அடி. ஒன்பது அடி கூடுதல், ஆனால் ஆள் இரண்டு பேர். ஆகவே ஒற்றையரில் கிடைப்பது போல அப்பட்டமான காலி இடம் இரட்டையரில் கிடைக்காது. இடத்தை உண்டாக்க வேண்டும். ஒரு பந்தை அடித்து எதிராளியை நகர்த்தி, அடுத்த பந்துக்கு இடம் திறக்க வேண்டும். இன்னொன்று வலை. நடுவில் உயரம் மூன்று அடி, ஓரக் கம்பத்தில் மூன்றரை அடி. நடுவில் அடித்தால் வலை தாழ்வு. கோட்டுக்கு வெளியே போகும் பயமும் குறைவு. எதிரே இருக்கும் இரண்டு பேரும் "நீ எடு, நான் எடு" என்று ஒரு கணம் தடுமாறுவார்கள். ஓரத்தில் அடித்தால் கைதட்டல் வரும், நடுவில் அடித்தால் புள்ளி வரும். இரட்டையரில் பல வருஷம் ஊறியவனுக்கு இந்த லாப நஷ்டக் கணக்கு ரத்தத்தில் இறங்கியிருக்கும். ஹோட் மாதிரி அபாரத் திறமைசாலிக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை, அடித்தால் போய்விடும். நான்காவது ஆளுக்குத் தேவைப்பட்டது. தேவைப்பட்டுக் கற்றதைத்தான் வாய்விட்டுச் சொல்லிக்கொடுக்க முடியும்.

ரோஸ் மட்டும் விதிவிலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஹாப்மனே 1929, 1930 ஆண்டுகளில் ஜாக் க்ராஃபர்டுடன் ஆஸ்திரேலிய இரட்டையர் பட்டம் வென்றவர். ஒற்றையரில் தொடர்ந்து மூன்று முறை இறுதிக்குப் போய் மூன்றிலும் தோற்றவர். இரட்டையரில் பேர் வாங்கிய ஆஸ்திரேலியர் ஃபிரெட் ஸ்டோல், அமெரிக்காவின் விட்டாஸ் கெருலைடிஸுக்கு கோச். டோனி ரோச் இன்னொரு இடது கைக்காரர். கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் இரட்டையர் 13, அதில் 12 ஜான் நியூகோம்புடன். ஒற்றையரில் பிரெஞ்சுப் பட்டம் ஒன்றே ஒன்று. அவரை உலக முதலிடம் பிடித்த இவான் லெண்டில் தேடிப்போய் கோச்சாக வைத்துக்கொண்டது எதற்கு? வாலி கற்றுக்கொள்ள. அதன் பின் லெண்டில் இரண்டு முறை விம்பிள்டன் இறுதிக்குப் போனார், இரண்டிலும் தோற்றார். ஆக, கோச்சால் எல்லாம் முடியும் என்றும் நான் சொல்லவில்லை.

பிற்காலத்தில் மார்கரெட் கோர்ட்டும் ரோஸிடம் பயிற்சி எடுத்தார். அதாவது 1965-ல் பில்லி ஜீனைத் தோற்கடித்த அதே மார்கரெட் ஸ்மித். 1990-களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் அரான்ட்சா சான்செஸ் விகாரியோவுக்குப் பக்கத்தில் அறுபது தாண்டிய இந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். அரான்ட்சா ஆடுகளத்தின் பின்கோட்டில் நின்று ஓடி ஓடி எடுக்கும் ஆள், வலைப்பக்கம் போகத் தயங்குபவர். இரட்டையரில் உலகின் முதலிடத்துக்கு 1992-ல் அவர் வந்ததைப் பார்க்கும்போது ரோஸின் கை அதில் இருக்கிறதென்று எனக்குத் தோன்றும். அப்புறம் ரஷ்யாவின் நாடியா பெட்ரோவா, கிரீஸின் எலெனி டானிலிடூ. பெரும்பாலும் பெண்கள் என்பதைக் கவனித்தீர்களா? பெண்கள் டென்னிஸை இரண்டாம்தரமாகப் பார்த்த காலத்திலேயே அதில் உழைக்கத் தயாராக இருந்த பெரிய ஆட்டக்காரர்கள் அதிகம் பேர் இல்லை.

2001-ல் அவரைச் சர்வதேச டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அதே ஆண்டு கூடவே சேர்க்கப்பட்டவர் லெண்டில். 2017 ஜூலை 23 அன்று ரோஸ் காலமானார். 87 வயது. செய்க்ஸஸ் அவருக்குப் பின்னும் ஏழு வருஷம் இருந்து, 100 வயதில் 2024-ல் போனார்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். கோச் ஜெயித்த கோப்பைகளை எண்ணாதீர்கள். ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் போய் வேலி ஓரம் உட்காருங்கள், போனைப் பையில் வைத்துவிடுங்கள். அவர் பந்துகளை மட்டும் போட்டுக்கொண்டு "குட் ஷாட், குட் ஷாட்" என்று கத்துகிறாரா, இல்லை நடுவில் நிறுத்தி, "இதை ஏம்மா அங்கே அடிச்சே?" என்று கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்டால், பிள்ளை பதில் சொல்லும்வரை காத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். ஒற்றையர் புள்ளிகள் ஆடவைக்கிறாரா என்பதையும் கேளுங்கள். ஏனென்றால் இரட்டையர் கோச்சுகளிடம் ஒரு குறை உண்டு: நீண்ட ராலிக்கும் பின்கோட்டு ஆட்டத்துக்கும் போதிய நேரம் கொடுக்க மாட்டார்கள். இன்றைய பெண்கள் ஆட்டத்தில் அது இல்லாமல் முடியாது. இதையெல்லாம் பார்த்துத் திருப்தி என்றால் சேர்த்துவிடுங்கள். சேர்த்த பின் முதல் ஆறு மாதம் போட்டி முடிவுகளை வைத்து அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அடுத்த முறை அவர் ரோஸ் பெயரைச் சொல்லிச் சிரித்தால், "1958 பாரிஸையும் சேர்த்துச் சொல்லுங்க சார்" என்று நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள்.